கறிவேப்பிலைப் புழுவும் ஒரு கன்னிகாதானமும்

என் கணவரும் என் பெண்ணும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். உட்காருகிறவளும் மடிக்குச் சொந்தக்காரரும் பேசிக்கொள்ளாவிட்டால் கல்யாணம் செல்லாது என்று சாஸ்திரம் எதுவும் சொல்லவில்லை. நான் சொல்வேன். பக்கத்தில் நின்று தாரை வார்க்கப் போகிறவள் நான். அதற்குள் இரண்டு பேரும் நாலு வார்த்தையாவது பேசிவிட வேண்டும், திட்டிக்கொண்டாலும் பரவாயில்லை என்று சேடா நகர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். மண்டபம், சமையல், நகை எதையும் அவரிடம் சொல்லவில்லை. அதையெல்லாம் நானே பார்த்துக்கொள்வேன்.

சண்டைக்குக் காரணம் புழு.

என் பெண் சுஷ்மா எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தாள். செம்பூரில் பழைய காலனிகளை ஒவ்வொன்றாக இடித்துவிட்டு டவர் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலனி இடிபடுவதற்கு முன்னால் அதன் காம்பவுண்டுக்குள் என்னென்ன வண்ணத்துப்பூச்சி இருந்தது என்று பதிவு செய்வதுதான் அவள் ஆராய்ச்சி. கேமராவோடு ஊர்க் காம்பவுண்டுக்குள் எல்லாம் நுழைந்து வாட்ச்மேன்களிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வருவாள். நாங்கள் குப்பை என்று நினைத்த ஒவ்வொரு செடியிலும் ஒரு குடித்தனம் இருந்தது. நெட்டிலிங்க மரத்தில் டெயில்ட் ஜே என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. அரளியில் காமன் க்ரோ. சுவரோர எருக்கில் ப்ளெயின் டைகர். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் லைம், மார்மன். ஐம்பது வகைக்கு மேல் இருக்கிறது என்றாள். நான் முப்பது வருஷமாக இதே ஊரில் காய்கறி வாங்கப் போய் வருகிறேன். எனக்குத் தெரிந்து கறுப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று.

இடிக்கப்போகும் இடங்களிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து எங்கள் பால்கனியில் ஜாடிகளில் வளர்த்தாள். அப்போது முலுண்டிலிருந்து ஒரு வரன் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சமையலறையில் கரப்பான். என் கணவர் திருவேங்கடம் பூச்சிமருந்து அடிக்கிற ஆளைக் கூப்பிட்டார். அவன் சமையலறையை முடித்துவிட்டு, பால்கனியும் அடிக்கட்டுமா என்று ஹிந்தியில் கேட்டான். "கர் தோ", அடிச்சுடு என்றார் இவர். சாயங்காலம் சுஷ்மா வந்து பார்த்தபோது ஜாடிகளில் எல்லாம் செத்துக் கிடந்தன. "புழுதானே, வேற வரும்" என்றார்.

அதில் பாதிப் புழுக்கள் எந்தக் காம்பவுண்டிலிருந்து வந்தனவோ அந்தக் காம்பவுண்டு அதற்கு முந்தின வாரம் தரைமட்டமாகியிருந்தது. வேறு வருவதற்கு இடமில்லை. அவள் இதை அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் பிழைத்திருப்போம். எங்கள் வீட்டில் கத்தினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். அவள் ஜாடிகளை ஒவ்வொன்றாக அலம்பி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். பிறகு அஸ்ஸாமில் ஒரு ஆராய்ச்சி வேலை கிடைத்து அங்கே போய்விட்டாள். முலுண்டு வரனுக்கு எங்கள் வீட்டு மருந்து வாடையில் தும்மல் வந்து, அதுவும் நடக்கவில்லை.

அன்றிலிருந்து நான்தான் அவர்களுக்கு நடுவில் தபால்காரி. சாதாரணத் தபால்காரி இல்லை, பிரித்துப் படித்துத் திருத்தி ஒட்டிக் கொடுப்பவள். "அவர்கிட்ட என் பான் கார்டை அனுப்பச் சொல்லும்மா" என்பாள் சுஷ்மா. நான் இவரிடம், "பான் கார்டு வேணுமாம். உங்களை வாக்கிங் போகச் சொன்னா" என்பேன். இவர் ஹும் என்பார். மறுநாள் காலையில் ஷூவைத் தேடுவார். அவர் "பணம் போதுமான்னு கேளு" என்றால் நான் அவளிடம், "அப்பாவுக்கு ராத்திரி சரியா தூக்கம் இல்லை, உன் நினைப்பாவே இருக்கார்" என்பேன். என் கணவர் படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுகிறவர். கல்யாணமான நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை கிருஷ்ணா மாடுங்காப் பையன், பாலக்காட்டுக் குடும்பம், அஸ்ஸாமில் எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினீயர். செம்பூர்ப் பெண்ணும் மாடுங்காப் பையனும் சந்தித்துக்கொள்ள அஸ்ஸாம் வரை போக வேண்டியிருந்தது. ஜாதகம் பொருந்தியது. பொருந்தாவிட்டாலும் நான் பொருத்தியிருப்பேன். ஐப்பசியில் செம்பூரிலேயே கல்யாணம். முடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். அதன் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வந்தால் விருந்தாளியாகத்தான் வருவாள். விருந்தாளியும் வீட்டுக்காரரும் பேசாமல் இருந்தால் அப்படியே பழகிப் போய்விடும். எனக்கு அதுதான் பயம்.

புரட்டாசியில் ஒருநாள் ரசத்துக்குத் தாளிக்கக் கறிவேப்பிலை பறிக்கப் போனேன். "தொடாதே" என்றார் இவர் பின்னாலிருந்து. தொட்டியைப் பார்த்தேன். இலையின் மேல் காக்காய் எச்சம் மாதிரி ஏதோ இருந்தது. எச்சம் நகர்ந்தது.

"என்னன்னா இது?"

"புழு. மார்மன். எலுமிச்சைத் தொட்டியிலேயும் இருக்கு, நாகு. யாரிட்டயும் சொல்லாதே."

விஷயம் இதுதான். ஹூஸ்டனில் இவருடைய அண்ணா பையன் கல்யாண வீடியோவில், மாலை மாற்றும்போது ஒரு பெட்டியைத் திறந்தார்களாம். வண்ணத்துப்பூச்சிகள் கிளம்பிப் பறந்தனவாம். அந்தப் பெண் அழுதாளாம்.

"சுஷ்மாவும் அழுவா" என்றார். "அழுதுட்டா பேசிடுவா."

ஒரு கப்பல் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்த மனுஷன் போட்ட திட்டம் இது. ஓட்டை நிறைய இருந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் அவர் போட்ட முதல் திட்டம். நான் வாயை மூடிக்கொண்டு ரசத்துக்குக் கொத்தமல்லி மட்டும் போட்டேன்.

ஒரு சிக்கல். புழு வளர்ப்பது பற்றி எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் சுஷ்மா. அவளிடம் கேட்கவும் கூடாது, கேட்காமலும் முடியாது. ஆக, தினமும் சாயங்காலம் நான் போனைக் காதில் வைத்துக்கொள்வேன். இவர் எதிரில் உட்கார்ந்து கையை ஆட்டி, வாயை அசைத்துக் கேள்வி கேட்பார். நான் என் கேள்வியாகக் கேட்பேன்.

"சுஷ்மா, நம்மாத்துக் கறிவேப்பிலையிலே புழு வந்திருக்குடி."

"என்னம்மா திடீர்னு? திங்கட்டும். நீ பாஜிவாலாகிட்ட வாங்கிக்கோ."

"தொட்டா செகப்பா ரெண்டு கொம்பு நீட்டறது. நாத்தம் தாங்கலை."

"பயந்தா அப்படித்தான் பண்ணும். எறும்பு, பறவை எல்லாம் ஓடிப் போகட்டும்னு. யார் தொட்டா?"

எதிரில் இவர் விரலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றேன்.

"நீயா? பல்லியைப் பார்த்தா கட்டில்ல ஏறி நிப்பியே."

சந்தேகப்பட்டாளே தவிர, அவளுக்குச் சந்தோஷம். முன்பெல்லாம் போன் வந்தால் சாப்டியா, சாப்டேன், வெச்சுடறேன் என்று முடிந்துவிடும். இப்போது சமையல் தீயும் வரை பேசினாள். வளர்ந்த புழு பச்சையாக மாறுவது எதனால், கூட்டுப்புழுவாவதற்கு முன்னால் ஏன் வயிற்றைக் காலி செய்துவிட்டு இடம் தேடி அலைகிறது, எல்லாம் சொன்னாள். பெற்று, வளர்த்து, பரீட்சைக்கு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்த இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போனது. கேள்வி இல்லாத நாளில் நானே ஒன்றைத் தயார் செய்துகொண்டேன்.

இடம் தேடி அலைந்த ஒன்று பூஜை அலமாரிக்குள் போய்க் குருவாயூரப்பன் படச் சட்டத்தில் நூல் கட்டிக்கொண்டு தொங்கிவிட்டது. எடுக்கக் கூடாது என்று உத்தரவு. நான் அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினேன். புகை ஆகாது என்று அதையும் நிறுத்தினார். குருவாயூரப்பனுக்குப் பத்து நாள் வெறும் மணிதான்.

பிறகு சாகத் தொடங்கின. நேற்று வரை தின்றுகொண்டிருந்த புழு இன்று கறுத்து, தலைகீழாகத் தொங்கி, தண்ணீராகிவிடும். ஒன்று, அடுத்த நாள் மூன்று. இவர் தட்டில் கை வைக்கவில்லை. தன் பெரியப்பா காரியத்தன்று இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்கியவர் இவர். நான் மோர் சாதத்தைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நேத்து சாயங்காலம்கூட நன்னா சாப்பிட்டுது நாகு" என்றார். யாரைப் பற்றியும் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கூடவே, இது இரண்டு வருஷம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது.

சுஷ்மாவிடம் கேட்டேன். "வைரஸ்மா. ஒண்ணுக்கு வந்தா பக்கத்துலே இருக்கறதுக்கும் வந்துடும். இலையை அலம்பிப் போடு. தனித்தனியா வெச்சுடு" என்றாள். மறுநாள் கல்யாண பட்சணத்துக்காக நான் வாங்கி வைத்திருந்த எவர்சில்வர் டப்பாக்கள் அத்தனையிலும் ஆளுக்கு ஒரு புழு இருந்தது. மூடிக்குப் பதில் என் பழைய வாயில் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

தப்பியவை கூடு கட்டின. ஒருநாள் காலையில் முதலாவது வெளியே வந்தது. கறுப்பு, பின் இறக்கையில் வெள்ளைப் பட்டை. அடுத்தது வந்தபோது அதில் சிவப்புப் புள்ளிகள். மூன்றாவதில் சிவப்பு இன்னும் தூக்கல். தான் வளர்த்தது வேறு யாருடைய குழந்தையோ என்கிற மாதிரி இவர் பதறிப் போனார்.

"எல்லாம் ஒரே மார்மன்தாம்மா" என்றாள் சுஷ்மா. "ஆண் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். பெண் மட்டும் மூணு வேஷம் போடும். ஒண்ணு ஆண் மாதிரியே. மத்த ரெண்டும் ரோஸ்னு ரெண்டு ஜாதி இருக்கு, உடம்பெல்லாம் விஷம், அதை மாதிரி. பறவைகள் விஷம்னு நினைச்சு விட்டுடும்."

"நெஜத்துலே விஷம் கிடையாதா?"

"துளிக்கூடக் கிடையாது. சும்மா பாவ்லா."

எனக்கு அந்தப் பெண் பூச்சியின் மேல் மரியாதை வந்தது. பிழைக்கத் தெரிந்தவள்.

பேச்சுவாக்கில் அன்றைக்கே கேட்டேன். "ஏண்டி, கல்யாணத்துலே இதையெல்லாம் பெட்டியிலேர்ந்து பறக்க விடறாளாமே?"

"அந்தக் கண்ராவியா? அதுக்குப் பட்டாசே தேவலை" என்றாள். "செடியிலே இருக்க வேண்டியதைப் பெட்டிலே அடைச்சு, ஏசி ஹால்லே விட்டா அது எங்கே போகும்? எனக்கு மட்டும் யாராவது அப்படிப் பண்ணினா மணையை விட்டு எழுந்து போயிடுவேன்."

எதிரில் இவர் என்ன சொல்றா என்று புருவத்தைத் தூக்கினார்.

"கேள்விப்பட்டிருக்காளாம்" என்றேன்.

அதை மட்டும் நான் திருத்தியிருக்கக் கூடாது. ஆனால் அப்போது அவர் முகத்தைப் பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் திருத்தியிருப்பார்கள்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சுஷ்மா வந்தாள். வண்ணத்துப்பூச்சிகள் கொசுவலையோடு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி அறைக்குக் குடிபோயின. பில்டிங் செக்ரட்டரி என்கிற சாக்கில் இவர் அடிக்கடி தண்ணீர் அளவு பார்க்கப் போனார். பில்டிங்கில் இவ்வளவு அக்கறையான செக்ரட்டரி இருந்ததில்லை என்று மாடி வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வீட்டுக்குள், ஒரே சாப்பாட்டு மேஜையில், உப்பு என் வழியாகப் போய் ஊறுகாய் என் வழியாக வந்தது. மணையில் உட்காரப் போகிறவளுக்குக் கல்யாணக் களை இருந்தது, அப்பா பக்கம் திரும்பும்போது மட்டும் அது போய்விட்டது. நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாயங்காலம் மண்டபத்துக்குப் போனோம். பூ அலங்காரம் தாராவியிலிருந்து வந்த மாரிசெல்வம். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், கை சுத்தம், மூஞ்சியில் சிரிப்பே வராது. என் கணவர் அவனிடம் மட்டும் ரகசியத்தைச் சொல்லியிருந்தார். அவன் ஒரு மூங்கில் கூடையைச் சுற்றி மல்லிகைச் சரம் தைத்து, மேலே வலை போட்டுக் கொடுத்தான். அதற்குள் முப்பது சொச்சம் பூச்சிகளைக் குடியேற்றினார்.

காலையில் ஊஞ்சல். சுஷ்மாவும் கிருஷ்ணாவும் மாலையோடு உட்கார்ந்திருக்க, மாமிகள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பாலும் பழமும் வைத்த வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றேன். எட்டரைக்குள் தாலி ஏற வேண்டும் என்று வாத்தியார் இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது. அப்போது என் கணவர் கூடையோடு வந்தார். பட்டுவேஷ்டி, நெற்றியில் விபூதி, முகத்தில் பரீட்சை எழுத வந்தவன் பயம். வீடியோக்காரன் விளக்கைத் திருப்பினான். மாமிகள் பாட்டை நிறுத்தினார்கள். இவர் வலையை எடுத்தார்.

ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாப் பூச்சிகளும் இறக்கையைச் சேர்த்து மடித்துக்கொண்டு கூடையின் ஓரத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. இவர் கூடையைத் தட்டினார். லேசாக ஆட்டினார். ஒன்று பிடி நழுவித் தரையில் விழுந்து பக்கவாட்டில் கிடந்தது. முன் வரிசை மாமி ஒருத்தி காலைத் தூக்கிக்கொண்டாள்.

மாரிசெல்வம் குனிந்து பார்த்தான். "ஐயா, எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு நெனைக்கேன்" என்றான். "பூவுன்னா தண்ணி தெளிச்சுப் பாக்கலாம். இதுக்கு என்ன செய்யன்னு எனக்குத் தெரியலய்யா."

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கணவர் கூடையைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்துக்கொண்டிருக்கவும் தெரியாமல் நின்றார்.  சுஷ்மா மணையை விட்டு எழுந்து போய்விடுவேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இருவருக்கும் என்ன சொல்வது, எதை எப்படி மாற்றிச் சொல்வது என்று மனசுக்குள் தயார் செய்துகொண்டேன்.

சுஷ்மா காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்தினாள். கூடைக்குள் பார்த்தாள். தலையைத் தூக்கினாள்.

"அப்பா, இதை ராத்திரி எங்கே வெச்சிருந்தே?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பிறகுதான் என்னைக் கேட்கவில்லை என்று உறைத்தது.

"மாலை ரூம்லே" என்றார் அவர்.  "மாலையெல்லாம் வாடாம இருக்க ஏசியைக் கூட்டி வெச்சிருந்தா. இதுவும் வாடாம இருக்கட்டுமேன்னு வெச்சேன்."

"பூவாப்பா இது? குளிர்லே விறைச்சுப் போயிருக்கு. வெயில் பட்டாத்தான் ரெக்கை அசையும். ஏழு மணிக்கு, ஏசி ஹால்லே, எப்படிப் பறக்கும்? அறிவில்லை உனக்கு?"

"இல்லை" என்றார்.

"எடு. மாடிக்கு எடுத்துண்டு வா."

தரையில் கிடந்ததை அவளே பொறுக்கிக் கையில் மூடிக்கொண்டாள். மாலையோடும் கூறைக்கு முந்தின பட்டோடும் மாடிப்படி ஏறினாள். இவர் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஓடினார். வாத்தியார், "ஊஞ்சல்லேர்ந்து பொண்ணு எழுந்துக்கப்படாது" என்று ஆரம்பித்தார். கிருஷ்ணா, "பரவாயில்லை மாமா, நான் உட்கார்ந்திருக்கேன்" என்றான். மாமிகள் என்ன செய்வது என்று தெரியாமல் பாட்டைத் தொடர்ந்தார்கள். மாப்பிள்ளை தனியாக ஆடிக்கொண்டிருந்தான். நல்ல பையன்.

நான் வெள்ளிக் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். கதவருகில் நின்றுகொண்டேன்.

மாடியில் வெயில் இல்லை. கிழக்குப் பக்கம் ஒரு புது டவர் நாற்பது மாடிக்கு எழும்பி நின்றது. அதன் பின்னால் வானம் பளிச்சென்றிருந்தது, நிழல் முழுக்க எங்கள் மேல். சூரியன் அதைத் தாண்டி வர வேண்டும்.

"அங்கேதானே நீ புழு எடுத்த காலனி இருந்தது" என்றார் இவர்.

"ஆமாம்." அவள் கூடையைக் கைப்பிடிச் சுவரில் வைத்து ஒவ்வொரு பூச்சியாகப் பார்த்தாள். "இதையெல்லாம் எங்கே பிடிச்சே?"

"பிடிக்கலை. நம்மாத்துத் தொட்டியிலே வளர்த்தேன்."

"நீயா?"

"அம்மா கேட்டதெல்லாம் நான் கேட்கச் சொன்னது."

அவள் நிமிர்ந்தாள். "கொம்பைத் தொட்டது?"

"நான்தான்."

"தொடாதேன்னு எத்தனை தரம் சொன்னேன். பூஞ்சையான தோல் அதுக்கு. அப்புறம் இது தப்புப்பா. இப்படிப் பெட்டியிலே போட்டு எடுத்துண்டு வரது. செடியிலேயே விட்டிருந்தா தானாப் பறந்து போயிருக்கும். எனக்குக் காட்டணும்னா பால்கனிக்குக் கூப்பிட்டா வந்திருப்பேனே."

"வந்திருப்பியா?"

அவள் தன் உள்ளங்கையில் இருந்ததை அவர் கைக்கு மாற்றினாள். "ரெண்டு கையாலேயும் லேசா மூடிக்கோ. உன் கைச் சூட்டுக்கு எழுந்துக்கும். அழுத்தாதே."

அவர் மூடிக்கொண்டார். வேஷ்டி காற்றில் பறக்க, கூப்பிய கையோடு, பிள்ளையார் முன்னால் நிற்கிற மாதிரி நின்றார்.

"எத்தனை போச்சு?" என்று கேட்டாள்.

"பதினொண்ணு. கறுத்துப் போய்த் தொங்கித்து."

"அது வைரஸ்பா. யார் வளர்த்தாலும் போகும். உன் தப்பில்லை."

"இது என் தப்பில்லே" என்றார். "அது என் தப்பு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த ஆள் பால்கனியும் அடிக்கட்டுமான்னு கேட்டான். நான் ஜாடியைப் பார்த்துண்டேதான் அடின்னேன். ரொம்ப நாழி நெளிஞ்சுது. அதையும் பார்த்துண்டுதான் நின்னேன். ஒண்ணுமே தோணலை எனக்கு." மூக்கை உறிஞ்சினார், கை இரண்டும் மூடியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடியவில்லை. "இப்பத்தான் தோணறது, சுஷ்மா. சின்னதா ஒண்ணு கறுத்துத் தொங்கினா எனக்குச் சாதம் இறங்கலை. உனக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்."

என் பெண் தன் பட்டுத் தலைப்பால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். பன்னிரண்டு முழம் ஜரிகை, காஞ்சீபுரத்தில் சொல்லி நெய்தது. 

"நிறையப் பேசணும்பா உன்கிட்ட" என்றாள். "ரொம்பக் கோபம் இருக்கு."

"சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் நின்றுகொண்டு, பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு. நடுநடுவே அழுதாள், நடுநடுவே அவர் கையைத் திறந்து பார்த்து இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரில் ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்குச் சந்தோஷம். இனிமேல் சாயங்காலம் போன் வந்தால் அவரிடம்தான் போகும் என்றும் புரிந்தது. அது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன். சூரியன் டவரின் தோள் வரை வந்திருந்தது.

நான் கீழே இறங்கினேன். படியடியில் வாத்தியார் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"மாமி, பொண்ணு எங்கே?"

"மாடியிலே. அப்பாவோட பேசிண்டிருக்கா."

"பேச்செல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், மாமி. கூப்பிடுங்கோ. முகூர்த்தம் போயிடும்."

"போகட்டும்" என்றேன். "அடுத்தது எப்போன்னு பாருங்கோ."